குரு வேணுமாம் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, அந்தக் கட்டில்ல உக்காரு. இன்னா கேட்ட? "தாத்தா, எனக்கு நல்ல குரு ஒருத்தர் வேணும், உங்களுக்குத் தெரிஞ்சவரு யாராவது இருக்காங்களா"ன்னா? ஏமிரா பாபு, உனக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி உங்கம்மா என்னைத் தொளைச்சி எடுக்குது, நீ குரு பாக்கச் சொல்ற. ரெண்டுல எதை மொதல்ல பாக்கறது? பொண்ணு கெடைச்சிட்டா குரு தேவைப்படாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது வேற கதை.

ஸ்ரீசிட்டி கம்பெனியில நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து, தூங்காம போன்ல அஞ்சு சாமியார் பேச்சு கேக்குறியாம். ஒருத்தர் மூச்சைப் பிடின்றாரு, ஒருத்தர் மூச்சை வுடுன்றாரு, நடுவுல நீ மூச்சு முட்டிப் போய்க் கெடக்குற. போதாததுக்கு ஞாயித்துக்கெழமை கிளாசுக்குக் காசு வேற கட்டிட்டியாமே. கட்டிட்டு வந்து என்கிட்ட யோசனை கேக்குற. கெட்டிக்காரன்டா நீ. தாலி கட்டின அப்புறம் ஜாதகம் பாக்க வந்திருக்க.

நம்ம தடா இருக்குதே, இது சாமி தேடறவன் எல்லாம் தாண்டிப் போற ஊரு. ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. ஹைவேயில டீ குடிக்க நிப்பாட்டறான், மறுபடி கெளம்பிடறான். சனி ஞாயிறுன்னா உப்பலமடுகு அருவிக்குப் போற பைக் கூட்டம். அத வுட்டா காளஹஸ்திக்கு ராகு கேது பரிகாரம் பண்ணப் போற கார் கூட்டம். அந்தாண்ட சூலூர்பேட்டையில செங்காளம்மா. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுடறதுக்கு முன்னாடி இஸ்ரோ பெரிய ஆபீசருங்களே அவளைக் கும்புட்டுட்டுத்தான் போறாங்க. நாமளே நெல்லூர் ஜில்லாவுல இருந்தவங்க. 2022 ஏப்ரல்ல ஜில்லாவைப் பிரிச்சி நம்மளைத் திருப்பதி ஜில்லாவுல சேத்துட்டாங்க. ஒரே ராத்திரியில எல்லாரும் ஏழுமலையான் ஜில்லாக்காரங்க ஆயிட்டோம். ஆனா பாரு, நம்ம பஜார்ல வட்டிக்கு வுடறவன் ஒரு பைசா வட்டி கொறைக்கல.

குரு பக்கத்துல வேணும்னா, வரதய்யபாளையம் பக்கமே ஒரு ஆசிரமம் இருந்துதே, பெரிய வெள்ளைக் கட்டடம் கட்டி, உலகம் பூரா இருந்து ஜனம் வந்து எறங்கினது. 2019 அக்டோபர்ல அந்தக் குழுவோட எடங்கள்ல வருமான வரித்துறை சோதனை போட்டுச்சி. ரொக்கம் 43.9 கோடி, வெளிநாட்டுப் பணம் தனி, தங்கம் 88 கிலோ, அதுக்கு மேல வைரம்னு டிபார்ட்மெண்டே அறிக்கை வுட்டுச்சி. அது வரிக் கணக்கு. அவங்களுக்கும் சர்க்காருக்கும் உள்ள விவகாரம், நமக்கு அதுல தீர்ப்பு சொல்ல வேலை இல்ல. அங்க போய் நெஜமாவே அழுது மனசு லேசாகித் திரும்புனவங்களையும் நான் பாத்திருக்கேன். அவங்க பக்தியை எடை போட நான் யாரு? 88 கிலோவை மட்டும் யாரோ எடை போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

சரி, நீ எதுக்கு குரு தேடற? "மனசு நிம்மதிக்கு"ன்னு சொல்ற. இங்கதான்டா எனக்குச் சிரிப்பு வருது. நம்ம திருமலை மேலயும் காளஹஸ்தியிலயும் எத்தனையோ குரு-சிஷ்யன் கதை இருக்கு. ஒண்ணுலயாவது குரு சிஷ்யனுக்கு நிம்மதி கொடுத்ததா எனக்குத் தெரியல. வேலை கொடுத்திருக்காங்க. முதுகு ஒடியற வேலை.

ராமானுஜர் கதை டி.வி. சீரியல்ல பாத்திருப்ப. திருக்கோஷ்டியூர் கோபுரத்து மேல ஏறி நின்னு மந்திரத்தை ஊருக்கே சொன்னாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த மந்திரத்தோட அர்த்தத்தை வாங்கறதுக்கு ஸ்ரீரங்கத்துல இருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தடவை நடந்தாருன்றதை மட்டும் வேகமா தாண்டிப் போயிடறாங்க. நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட வரும் ஒரு நடை. போனா அங்க இருந்த குரு திருக்கோஷ்டியூர் நம்பி, "இப்ப இல்ல, அப்புறம் வா"ன்னு அனுப்பிடுவாரு. நீ கட்டின கிளாசுல லிங்க் ரெண்டு நிமிஷம் திறக்கலைன்னா அவனுக்கு எத்தனை மெசேஜ் போடுவ? ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ வேற எழுதுவ.

இன்னொண்ணு கவனிச்சியா? ராமானுஜருக்கு குரு ஒருத்தர் இல்ல, அஞ்சு பேரு. பெரிய நம்பி மதுராந்தகத்துல வெச்சி மொதல் உபதேசம் பண்ணாரு. மந்திர அர்த்தம் திருக்கோஷ்டியூர் நம்பிகிட்ட. திருவாய்மொழி திருமாலையாண்டான்கிட்ட. திருவரங்கப்பெருமாள் அரையர்னு ஒருத்தர், பெருமாள் முன்னாடி பாட்டும் அபிநயமுமா சேவிக்கிறவர், அவர்கிட்ட பாடம் கேக்கறதுக்காக ஆறு மாசம் ராத்திரியில பால் காய்ச்சிக் கொடுத்தாராம், உடம்புக்குப் பூசிக்க மஞ்சள் அரைச்சிக் கொடுத்தாராம். ஒரு நாள் மஞ்சள் பதம் சரியில்ல. அரையர் முகம் சுளிச்சதைப் பாத்துட்டு மறுபடி அம்மியில போட்டு அரைச்சாராம். அப்ப அவர் சாதாரண ஆளு இல்ல பேராண்டி, ஸ்ரீரங்கத்துல மடத்துக்கே தலைவரு. எத்தனை பேரு கை கட்டி நிப்பாங்க அவர் முன்னாடி! மஞ்சள் அரைக்க ஒரு ஆளை ஏவியிருக்க முடியாதா?

திருமாலையாண்டான் கதை இன்னும் ஜோரு. அவர் ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்ல, ராமானுஜர், "அப்படி இல்லாம இப்படியும் இருக்கலாமே"ன்னு வேற ஒண்ணு சொல்ல, ஆண்டானுக்குக் கோவம் வந்து பாடத்தையே நிறுத்திட்டாரு. வாத்தியாரு கோவிச்சிக்கறது அந்தக் காலத்துலயும் உண்டு, நீ ஒண்ணும் பயப்படாத. அப்புறம் திருக்கோஷ்டியூர் நம்பி நடந்து வந்து, "இந்தப் புள்ள சொல்ற அர்த்தத்தை நம்ம ஆளவந்தார் வாயால நானே கேட்டிருக்கேன், நீ பாட்டுக்கு நடத்து"ன்னு சமாதானம் பண்ணி வெச்சாரு. ஆண்டானும் வீம்பு பிடிக்கல, மறுபடி பாடம் நடத்துனாரு. ஒரு குரு கோவிச்சிக்கிறாரு, இன்னொரு குரு வந்து சிஷ்யன் பக்கம் பேசறாரு. அஞ்சு பேருமே ஆளவந்தார்கிட்ட படிச்சவங்க. ஆளுக்கு ஒரு பங்கு வெச்சிக்கினு, ராமானுஜர் வந்து கேட்டப்ப அவங்கவங்க பங்கை எடுத்துக் கொடுத்தாங்க. "எல்லாம் என்கிட்டதான் இருக்கு, வேற எங்கயும் போகாத"ன்னு அஞ்சு பேர்ல ஒருத்தரும் சொல்லல. இதை ஒரு மூலையில வெச்சிக்கோ, கடைசியில தேவைப்படும்.

அஞ்சாவது ஆளுதான் நம்ம ஆளு. திருமலை நம்பி. ராமானுஜருக்குத் தாய்மாமன். மலை மேல பெருமாளுக்குத் தண்ணி கொண்டு வர்றது அவர் வேலை. பாபவிநாசத்துல இருந்து குடத்தைத் தலையில வெச்சிக்கினு காட்டு வழியா நடந்து வருவாரு. ஒரு நாள் வேடன் ஒருத்தன் பின்னாடி வந்து, "தாத்தா, தாகமா இருக்கு, தண்ணி கொடு"ன்னானாம். "சாமிக்குக் கொண்டு போறதுடா"ன்னு இவர் நடக்க, அவன் அம்பால குடத்துல ஓட்டை போட்டுக் குடிச்சிட்டானாம். அழுது நின்னவருக்குப் பக்கத்துலயே மலையில அம்பு வுட்டுத் தண்ணி வரவெச்சிக் காமிச்சி மறைஞ்சிட்டானாம். அதுதான் ஆகாசகங்கைன்றாங்க. பெருமாளே தாத்தான்னு கூப்ட்டாரு பாரு. நீ என்னைக் கூப்புடறதுக்கும் கொஞ்சம் மரியாதை சேத்துக்கோ. அந்தக் கதையைத் தண்ணீரமுதுன்னு வருஷா வருஷம் மலையில உற்சவமா நடத்தறாங்க.

அந்த நம்பிகிட்ட ராமாயணம் கேக்கறதுக்கு ராமானுஜர் மலைக்கு வர்றாரு. நம்பி வயசானவரு. பிரசாதத்தை எடுத்துக்கினு அவரே எதிர எறங்கி வந்து நிக்கிறாரு. ராமானுஜருக்குச் சங்கடம். "நீங்க ஏன் வரணும்? யாராவது சின்னப் பையன்கிட்ட கொடுத்தனுப்பி இருக்கலாமே"ன்றாரு. நம்பி சொன்னது இன்னா தெரியுமா? "நாலு தெருவும் தேடிப் பாத்தேன்பா. என்னை வுடச் சின்னவன் ஒருத்தனும் கெடைக்கல." குரு சொல்ற பேச்சா இது? உன் கிளாசுக்காரரோட போஸ்டர் ஹைவேயில ஆளை வுடப் பெருசா நிக்குது. மூக்கு மட்டுமே என் ஒசரம் இருக்கு.

ஒரு வருஷம் அடிவாரத்துல ராமாயணப் பாடம் நடந்துதாம். அப்ப அங்க இன்னொருத்தன் இருந்தான். கோவிந்தன்னு பேரு, ராமானுஜருக்குச் சித்தி மகன். இவன் கதைக்காகத்தான் நான் இவ்வளவு சுத்தி வந்தேன். இந்தக் கோவிந்தன் மொதல்ல நம்ம காளஹஸ்தியில சிவனுக்குப் பூப்பறிச்சிக்கினு இருந்தவன். காசிக்குப் போன எடத்துல, கங்கையில முழுகி எழுந்தா உள்ளங்கையில ஒரு லிங்கம் வந்துதாம். அதைக் கொண்டாந்து வெச்சிக் கும்புட்டுக்கினு இருந்தான். நம்பி மலையில இருந்து எறங்கி காளஹஸ்திக்கே வந்து, நந்தவனத்துல அவன் பூப்பறிக்கிற எடத்துல ஆழ்வார் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லியே அவனைக் கூட்டிக்கினு போயிட்டாரு. சைவம் பெருசா வைணவம் பெருசான்னு இங்க ஒரு சண்டையைத் தூக்கிக்கினு வராத. நமக்குக் காளஹஸ்தியும் பக்கம், திருமலையும் பக்கம். ரெண்டுக்கும் பஸ் இருக்கு.

கோவிந்தன் குருவுக்குப் படுக்கை போடுவான். போட்டுட்டு, அதுல தானே மொதல்ல படுத்துப் பாத்துட்டு எழுந்திருப்பான். ராமானுஜர் கண்ணுல இது பட்டுது. குரு படுக்கையில சிஷ்யன் படுக்கறதா! மகா பாவமாச்சேன்னு நம்பிகிட்ட சொல்லிட்டாரு. நம்பி கூப்பிட்டு, "ஏம்பா, இப்படிப் பண்ணா எங்க போவ தெரியுமா"ன்னாரு. "நரகத்துக்குப் போவேன்"னு சொன்னான். "தெரிஞ்சுமா படுத்த?" "முள்ளு கல்லு ஏதாவது இருந்தா என் முதுகுல குத்தட்டும். நான் நரகத்துக்குப் போனா போறேன், நீங்க நல்லா தூங்கணும்."

உன்னை நான் கேக்கறேன், நீ தேடற குருவோட படுக்கையில முள்ளு இருக்கா இல்லையான்னு நீ நெனைச்சிப் பாத்திருப்பியா? எனக்கு நிம்மதி வேணும், எனக்குப் பிரமோஷன் வேணும், எனக்குத் தூக்கம் வரணும். எல்லாம் "எனக்கு". நல்ல குரு கெடைக்கலைன்னு பொலம்பறீங்களே, நல்ல சிஷ்யன் கெடைக்காம எத்தனை பேரு சும்மா உக்காந்திருக்காங்களோ யாருக்குத் தெரியும்.

இரு, கதை முடியல. ஒரு வருஷம் முடிஞ்சி ராமானுஜர் கெளம்பறாரு. "மாமா, எனக்கு ஒண்ணும் வேணாம், கோவிந்தனைக் கொடுங்க"ன்றாரு. நம்பி ஒரு பேச்சு பேசல. தாரை வார்த்துக் கொடுத்துட்டாரு. கோவிந்தன் பின்னாடியே நடந்து போறான், ஆனா குருவைப் பிரிஞ்ச ஏக்கத்துல மொகமே வாடிப் போச்சி. வழியில ராமானுஜர் பாத்துட்டு, "போய் ஒரு தடவை பாத்துட்டு வா"ன்னு அனுப்பறாரு. அவ்வளவு தூரம் திரும்பி ஓடி வந்து வாசல்ல நிக்கிறான். நம்பி கதவைத் தெறக்கல. நிக்கிறான், நிக்கிறான். உள்ள இருந்து நம்பியோட வீட்டம்மா, "புள்ள வந்து நிக்குது, பேசாட்டி போகட்டும், கொஞ்சம் பிரசாதமாவது கொடுங்களேன்"ன்னு சொல்லிப் பாத்துது. நம்பி சொன்னாராம்: "வித்த மாட்டுக்கு யாராவது புல்லு போடுவாங்களா?"

அவ்வளவுதான். கோவிந்தன் வந்த வழியே திரும்பி நடந்தான்.

கேக்கறதுக்குக் கல்நெஞ்சா இருக்குல்ல? நானும் சின்ன வயசுல கேட்டப்போ, இன்னா மனுஷன் இவருன்னு நெனைச்சேன். மாடு வெச்சி வளத்து வித்தவனுக்குத்தான் அது புரியும். சந்தையில கைமாத்திக் கொடுத்த மாடு ராத்திரி கயித்தை அறுத்துக்கினு பழைய கொட்டாய்க்கே வந்து நிக்கும். அப்ப பாசத்துல ஒரு பிடி புல்லைப் போட்டா, அது ஜென்மத்துக்கும் புது வீட்ல நிலைக்காது. வாங்கினவன் கட்டியும் வெக்க முடியாது, வித்தவன் வெச்சிக்கவும் முடியாது. நம்பி அழுதுக்கினே கூட உள்ள உக்காந்திருக்கலாம், யாரு கண்டது? கதவை மட்டும் தெறக்கல. அந்தக் கோவிந்தன்தான் பின்னால எம்பார்னு பெரிய ஆச்சாரியரா ஆனாரு. கதவைத் தெறந்திருந்தா இன்னிக்கும் அடிவாரத்துல படுக்கை தட்டிப் போட்டுக்கினு இருந்திருப்பாரு. இப்ப நீ போன்ல வெச்சிருக்கியே ஒரு ஆப், அதுல உள்ள போக இத்தினி பட்டன் இருக்கு. வெளிய போற பட்டன் எங்க இருக்குன்னு தேடிப் பாத்தியா? மாசா மாசம் காசு தானா போவுது, அது மட்டும் தெரியுது.

ராமானுஜர் தன் சிஷ்யனுக்கு இன்னா கொடுத்தாருன்னும் கேளு. ஸ்ரீரங்கத்துல பாடம் நடக்குறப்ப, "திருமலையில போய் நந்தவனம் போட்டு பெருமாளுக்குப் பூ கட்டிக் கொடுக்க யாரு போறீங்க"ன்னு கேட்டாரு. அந்தக் காலத்து மலை. குளிரு, புலி, காடு. ஒருத்தரும் வாயைத் தெறக்கல. அனந்தாழ்வான் எழுந்து நின்னாரு. "நீதான்டா ஆம்பள"ன்னு சொல்லி அனுப்பி வெச்சாரு. மந்திரம் இல்ல, பட்டம் இல்ல. மம்புட்டி, கடப்பாரை. பூந்தோட்டத்துக்குத் தண்ணிக்காக ஏரி வெட்டறாரு அனந்தாழ்வான். பொண்டாட்டி மாசமா இருக்கா, அவ மண்ணு கூடை தூக்கறா. ஒரு பையன் வந்து, "நான் தூக்கறேன்"ன்றான். "என் குரு எனக்குச் சொன்ன வேலை, நீ போடா"ன்னு வெரட்டறாரு. அவன் போன மாதிரி போய், அந்தாண்ட பக்கம் அந்தம்மாகிட்ட கூடையை வாங்கித் தூக்கிட்டான். இவருக்குத் தெரிஞ்சி கோவத்துல கடப்பாரையை வீசினாரு. பையன் மோவாயில பட்டு ரத்தம் கொட்டுச்சி, ஓடி கோயிலுக்குள்ள மறைஞ்சிட்டான். அங்க போய்ப் பாத்தா பெருமாள் மோவாயில ரத்தம். அதுக்குத்தான் இன்னிக்கும் ஏழுமலையான் மோவாயில பச்சைக் கற்பூரம் வெக்கிறாங்க. அடுத்த தடவை மலைக்குப் போனா மகாதுவாரத்துல நுழையறப்ப கழுத்தைத் தூக்கிப் பாரு, சுவத்துல அந்தக் கடப்பாரை தொங்குது. ஜனம் அந்த எடத்துல தள்ளுமுள்ளுல "கோவிந்தா கோவிந்தா"ன்னு தரையைப் பாத்துக்கினு ஓடும். முந்நூறு ரூபா டிக்கெட்டுக்காரனும் பாக்கறதில்ல, சும்மா போறவனும் பாக்கறதில்ல.

சாமியே வந்து, "உன் வேலையில பாதி நான் செய்யறேன்"ன்னாலும், "இது என் குரு கொடுத்தது, பங்கு கெடையாது"ன்னு கடப்பாரையைத் தூக்கினவன் சிஷ்யன். நீ ஞாயித்துக்கெழமை கிளாசுக்கே, "தாத்தா, நான் லாகின் பண்ணிட்டு மீன் வாங்கப் போறேன், நடுவுல என் பேரைக் கூப்ட்டா கையைத் தூக்கு"ன்னு என்கிட்ட போனைக் கொடுத்துட்டுப் போனவன். மறந்துட்டியா? நான் மறக்கல. அவர் கண்ணை மூடச் சொன்னாரு, நான் தூங்கிட்டேன். எனக்கு நிம்மதியாத்தான் இருந்துது.

இரு இரு, உன் மொகத்துல ஒரு குறும்பு தெரியுது. "காளஹஸ்தியில கண்ணப்பருக்கு ஏது தாத்தா குரு?"ன்னு கேக்கப் போற. கேளு. கேக்கறவன்தான் என் பேராண்டி.

கண்ணப்பர் ஆகமம் படிக்கல, தீட்சை வாங்கல, வாயில தண்ணி கொண்டு வந்து கொப்புளிச்சி ஊத்துனாரு, பன்னிக் கறியைக் கடிச்சி ருசி பாத்துப் படைச்சாரு, ஆறே நாள்ல முடிஞ்சிது. எல்லாம் வாஸ்தவம். ஆனா சேக்கிழார் எழுதினதை நல்லா பாத்தா நடுவுல நாணன்னு ஒரு வேட்டைக்கார சிநேகிதன் வர்றான். "இந்த மலை மேல குடுமித்தேவர்னு ஒரு சாமி இருக்கு"ன்னு சொல்லிக் கூட்டிக்கினு போனவன் அவன்தான். மேல போனதும், "இது யாரு, இதுக்கு எப்படிப் பூசை பண்றது"ன்னு இவர் தவிக்கிறாரு. அதுக்கும் அவன்தான், "முன்னாடி உங்கப்பனோட வேட்டைக்கு வந்தப்ப ஒரு ஐயர் தண்ணி ஊத்தி, இலை போட்டு, சோறு வெச்சதைப் பாத்தேன்"ன்னு சொன்னான். தண்ணி, இலை, சாப்பாடு. அதை வெச்சிக்கினுதான் கண்ணப்பர் தன் பாணியில பண்ணாரு. நாணனுக்கு பக்தி கிக்தி ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரத்துல, இந்தப் பையனுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சின்னு பயந்துபோய் ஊருக்கு ஓடிட்டான். ஆனாலும் வழி காட்டினவன் அவன்தானே? காட்டினான், போயிட்டான். தட்சிணை கேக்கல, காவியும் கட்டல. நீ கும்புடற பெரிய பெரிய படத்துக்கு நடுவுல அவனுக்கும் ஒரு பூவை வெச்சா தப்பில்ல.

அதே கதையில சிவகோசரியார் எல்லாம் படிச்சவரு. "எவனோ வந்து சன்னிதியை அசிங்கம் பண்றான்"ன்னு சாமிகிட்ட அழுதாரு. சாமி, "நாளைக்கு மறைஞ்சி நின்னு பாரு"ன்னாரு. மறைஞ்சி நின்னு, ஒரு வேட்டுவப் பையன் தன் கண்ணைத் தோண்டி அப்பறதைப் பாத்தாரு. படிச்சவரு அன்னிக்குப் புதுசா ஒண்ணு படிச்சாரு. ஆக, யாரு யாருக்கு குருன்றது சாமி வெச்சிருக்கிற வேலை. நீ கண்ணப்பன் மாதிரி குரு இல்லாமலே போயிடலாம்னு நெனைச்சா தாராளமா போ. ஆனா உனக்குக் கண்ணு லேசா செவந்தாலே சொட்டு மருந்துக்கு சூலூர்பேட்டைக்கு ஓடறவன்டா நீ.

இதெல்லாம் பழைய காலம், இப்ப யாரு அப்படின்னு கேப்ப. காளஹஸ்தியில இருந்து திருப்பதி போற ரோட்ல ஏர்ப்பேடுன்னு வரும் பாரு, அங்க வியாசாசிரமம் இருக்கு. 1926-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவரு மலையாள சாமி. குருவாயூர் பக்கத்து ஊர்ல 1885-ல பொறந்தவரு, வேலப்பன்னு பேரு. நாராயண குருவோட சிஷ்யர் சிவலிங்க சாமிகிட்ட படிச்சவரு. அங்க இருந்து கெளம்பி ஊர் ஊரா சுத்தி, திருமலையில கோகர்ப்பம்ன்ற எடத்துல வருஷக் கணக்கா தவம் பண்ணாரு. அப்புறம் கீழ எறங்கி வந்து, "வேதாந்தம் எல்லாருக்கும், ஓங்காரம் எல்லாருக்கும், பொம்பளைங்களுக்கும், எந்த ஜாதிக்கும்"னு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட பேச்சா? சாஸ்திரக்காரங்க எதிர்த்துக்கினு வந்தாங்க. இவர் அவங்க சாஸ்திரத்தையே எடுத்து வெச்சிப் பதில் எழுதினாரு. 1962-ல போய்ச் சேந்தாரு.

அவர் சிஷ்யர்ல ஒருத்தர் வித்யாபிரகாசானந்த கிரி சாமி. குரு உயிரோட இருக்கிறப்பவே, 1950-ல, கொஞ்ச தூரத்துல காளஹஸ்தியில சுகப்பிரம்ம ஆசிரமம்னு தனியா ஆரம்பிச்சாரு. தெலுங்குல கீதைக்கு அவர் எழுதின கீதா மகரந்தம் நம்ம பக்கம் எத்தனையோ வீட்ல இருக்கு. "என் பக்கத்துலயே இன்னொரு ஆசிரமமா, நாலு தட்டு காணிக்கை கொறையுமே"ன்னு நெனைக்கிற குருவா இருந்தா இது நடந்திருக்குமா? ரெண்டு எடத்துக்கும் பஸ்சுல போயிட்டு சாயங்காலம் வீடு வந்துடலாம். நீ போனதில்ல. போஸ்டர் ஒட்டறதில்லையே, உனக்கு எப்படித் தெரியும்?

சரி, கட்டின காசைத் திருப்பித் தர மாட்டான், போயிட்டே வா. நான் வேணாம்னு சொல்லல. சொல்றவர் நல்லவராவும் இருக்கலாம், பெரிய போஸ்டர் ஒட்டினவன் எல்லாம் திருடன்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் பண்ணு. அவர் நேர்ல வர்ற அன்னிக்கி எல்லாரும் கால்ல விழறப்ப நீயும் விழு. எழுந்திருச்சி, பவ்யமா கையைக் கட்டிக்கினு கேளு: "சாமி, நான் இன்னொருத்தர்கிட்டயும் போய்ப் படிக்கலாமா?" கேட்டுட்டு, வாயில இருந்து இன்னா பதில் வருதுன்றதை வுட்டுடு. பதில் எல்லாருக்கும் நல்லாவே வரும். மொகத்தைப் பாரு. திருமலை நம்பி மொகமா, இல்ல மாசக் கடைசியில நம்ம வட்டிக்காரன் மொகமான்னு உனக்கே தெரிஞ்சிடும்.

என்கிட்ட வந்து சொல்லணும்னு இல்ல. காசு கட்டினவன் நீ.